சிற்றூரும் தொலைபேசியும்

நம் சங்கத்துக் கூட்டங்களில் இலக்கியம் பேசுவார் பலர். கம்பியையும் கோபுரத்தையும் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. தகவல் தொடர்புப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அக்குறையைச் சிறிதளவேனும் போக்கலாம் என்றெண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். வளரும் நாடுகளின் சிற்றூர்களுக்குத் தொலைபேசியையும் அதன் வழிவந்த இணையத்தையும் கொண்டு சேர்ப்பது ஏன் இத்துணைக் கடினமாயிற்று? எங்கெங்கே அது கைகூடிற்று? கைகூடிய இடங்களில் அதற்குக் காரணம் யாது? இம்மூன்று கேள்விகளையும் ஆராய்வதே என் நோக்கம். இடையில் ஒரு சிறு கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

1. இடைவெளி எவ்வளவு?

தொலைபேசி நம் நாட்டுக்குப் புதியதன்று. கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை பெற்றார். 1882ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் இயங்கத் தொடங்கிவிட்டன. ஆயினும் 65 ஆண்டுகள் கழித்து நாடு விடுதலை பெற்றபோது நாடு முழுவதிலும் இருந்த இணைப்புகள் ஓர் இலட்சத்தை எட்டவில்லை. அவையும் பெரும்பாலும் நகரங்களில், அலுவலகங்களிலும் செல்வர் இல்லங்களிலும் இருந்தவை. இடையில் ஆள் இல்லாமல் வெளியூருக்கு நேரே எண் சுழற்றிப் பேசும் வசதி 1960இல்தான் கான்பூருக்கும் இலட்சுமணபுரிக்கும் இடையே முதன்முதலாக வந்தது. சிற்றூர்வாசிக்கு அப்போதும் தந்தியே கதி. தந்திச் சேவகர் தெருவில் வந்தால் யார் வீட்டில் சாவோ என்று ஊர் நடுங்கிய காலம் அது.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1982இல் நைரோபி நகரில் கூடியபோது, இதனை ஆராய ஒரு தனிக்குழுவை அமைக்க முடிவு செய்தது. சர் டொனால்டு மெய்ட்லண்டு தலைமையில் அமைந்த அக்குழுவின் அறிக்கை 1985இல் வெளிவந்தது. அன்று உலகில் இருந்த ஏறத்தாழ 60 கோடித் தொலைபேசிகளில் முக்கால் பங்கு ஒன்பதே நாடுகளில் இருந்தன என்றும், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் உள்ள தொலைபேசிகளைவிட டோக்கியோ என்னும் ஒரே நகரில் உள்ளவை மிகுதி என்றும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் மக்கள் அனைவருக்கும் எளிதில் எட்டும் தொலைவில் ஒரு தொலைபேசியேனும் இருத்தல் வேண்டும் என்பது அக்குழு வகுத்த குறிக்கோள். வீட்டுக்கு ஒன்று என்று அக்குழு கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடந்து சென்று பேசும் தொலைவில் ஒன்று இருந்தால் போதும் என்பதே அன்றைய பேராசையாக இருந்தது!

இந்தியாவின் 1999ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கையை எடுத்துப் பார்த்தால், சிற்றூர்களில் நூறு பேருக்கு 0.4 இணைப்பு என்ற நிலை அதில் குறிக்கப்பட்டுள்ளது. அஃதாவது 250 பேருக்கு ஒன்று. அதனை 2010க்குள் நூற்றுக்கு 4 ஆக்குவதே அக்கொள்கையின் இலக்கு. 2024 மார்ச்சில் அந்த எண் நூற்றுக்கு ஏறத்தாழ 59 என நின்றது. இலக்கைப் போல் பல மடங்கு வளர்ந்துவிட்டோம் என்று மகிழலாம். ஆனால் அதே மாதத்தில் நகரங்களின் எண் நூற்றுக்கு 130க்கும் மேல். இடைவெளி சுருங்கியதேயன்றி மறையவில்லை.

2. ஒரு சிறு கணக்கு

சிற்றூருக்குத் தொலைபேசி வராததற்குக் காரணம் கேட்டால், "அங்குள்ளோர் ஏழைகள், கட்டணம் கட்டமாட்டார்கள்" என்பர் பலர். அது முழு உண்மையன்று. ஏழ்மைக்கு முன்னதாகவே நிற்கும் தடை ஒன்றுண்டு. அது எண்ணிக்கையின் சிறுமை. இதனை விளக்கவே முன்சொன்ன கணக்கு.

கோபனேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் டென்மார்க்கு நாட்டுக் கணிதர் 1917இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். பலர் சில வழிகளைப் பகிர்ந்துகொள்ளும்போது எத்தனை அழைப்புகள் வழி கிடைக்காமல் திரும்பும் என்பதை அது சொல்லும். ஒரு வழி ஒரு மணி நேரம் முழுவதும் இடைவிடாது பேசப்பட்டால் அதனை ஓர் எர்லாங் அளவுப் போக்குவரத்து என்கிறோம்.

இப்போது இரண்டு ஊர்களை எண்ணிக்கொள்வோம். ஓர் ஊரில் 100 தொலைபேசிகள். மற்றோர் ஊரில் 10. நெரிசல் மிக்க ஒரு மணியில் ஒவ்வொரு தொலைபேசியும் 3 நிமிடம் வெளியூருடன் பேசுகிறது எனக் கொள்வோம். பெரிய ஊரில் மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 எர்லாங். சிறிய ஊரில் 30 நிமிடம், அதாவது அரை எர்லாங். நூறு அழைப்பில் ஒன்றுக்கு மேல் திரும்பலாகாது என்று விதித்தால், எர்லாங் வாய்பாட்டின்படி பெரிய ஊருக்கு வெளியூர் வழிகள் 11 வேண்டும். சிறிய ஊருக்கு எத்தனை? பத்தில் ஒரு பங்குப் போக்குவரத்து என்பதால் ஒன்றோ இரண்டோ போதும் என்று தோன்றும். ஆனால் மூன்று வழிகளும் போதா. நான்கு வேண்டும் என்கிறது வாய்பாடு.

பெரிய ஊரில் தொலைபேசி ஒன்றுக்கு 0.11 வழி, சிறிய ஊரில் 0.4 வழி. அதாவது, இரு ஊராரும் ஒரே அளவு பேசி ஒரே கட்டணம் செலுத்தினாலும், சிறிய ஊரின் ஒவ்வொரு தொலைபேசிக்கும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வழி அமைக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியும் நகரத்து வழியைப் போல் அரைக் கல் தொலைவில் முடிவதன்று. காட்டையும் மேட்டையும் கடந்து போவது. எனவே சிற்றூரான் குறைவாகச் சம்பாதிப்பதால் மட்டும் தொலைபேசி அவனை அடையாமல் இருக்கவில்லை. அவன் சிறு கூட்டமாக வாழ்வதாலேயே அவனுக்கு ஆகும் செலவு கூடிவிடுகிறது. சந்தையை மட்டும் நம்பினால் அவன் முறை கடைசியாகத்தான் வரும்.

3. தவறிய ஒரு முயற்சி

இக்கணக்கை மறந்ததால் விளைந்ததற்கு ஒரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1990களில் சிற்றூர்ப் பொதுத் தொலைபேசிகளுக்காகப் பல முனை வானொலி அஞ்சல் முறை ஒன்று பெருமளவில் கையாளப்பட்டது. சுற்றிலுமுள்ள ஊர்கள் ஒரு சில வானொலி வழிகளைப் பகிர்ந்துகொள்ளும். 15 ஊர்களுக்கு 2 வழிகள் என்பது அதில் ஒரு வகை. கம்பி இழுக்கும் செலவு மிச்சம் என்பதால் காகிதத்தில் அது மிகச் சிக்கனமாகத் தோன்றியது.

மேலே சொன்ன அதே மூன்று நிமிடக் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். 15 தொலைபேசிகள், 45 நிமிடம், முக்கால் எர்லாங். இரண்டு வழிகள் இருப்பின் ஏழு அழைப்பில் ஒன்று திரும்பும். ஆனால் இவை வீட்டுத் தொலைபேசிகளல்ல, ஊருக்கே பொதுவானவை. ஆகவே ஒவ்வொன்றும் 6 நிமிடம் பேசப்படுவதாகக் கொண்டால், மூன்றில் ஒன்று திரும்பும்! இதனோடு பிற குறைகளும் சேர்ந்தன. சிற்றூரில் மின்சாரம் நிலையானதன்று. பேட்டரி பழுதானால் மாற்ற ஆள் வர வேண்டும். ஆள் வருவதற்கு வழி வேண்டும். பல கருவிகள் ஓசையின்றிக் கிடந்தன. பின்னாளில் அம்முறையில் அமைந்த தொலைபேசிகளை அகற்றி வேறு கருவிகளை வைக்கவே தனியாகப் பணம் ஒதுக்க நேர்ந்தது.

ஊரில் ஒரு கருவியை வைத்துவிட்டால் ஊர் இணைந்துவிட்டது என்று கணக்கெழுதலாகாது. அது ஒலிக்கிறதா, பழுதானால் எத்தனை நாளில் சீராகிறது என்பதே கணக்கு. இது முதற்பாடம்.

4. கித்தூரில் ஓர் இணைப்பகம்

இனி, கைகூடிய முயற்சிகளைக் காண்போம். அந்நாளில் மேலை நாடுகளில் விற்பனைக்கு வந்த மின்னணு இணைப்பகங்கள் பல்லாயிரம் இணைப்புகளைத் தாங்குவன. அவற்றுக்குக் குளிர்பதன அறை வேண்டும், தூசு ஆகாது. அவற்றைச் சிற்றூரில் வைப்பது, குடிசையில் யானையைக் கட்டுவது போன்றது. சாம் பித்ரோடா, ஜி. பி. மீமாம்சி முதலியோரின் முயற்சியால் 1984 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையத்திற்கு 36 மாதமும் 36 கோடி ரூபாயும் தரப்பட்டன. இளம் பொறியாளர்கள், பலர் கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்தவர்கள், வேறு வகையில் சிந்தித்தனர். பெரியதைச் சுருக்குவதை விடுத்துச் சிறியதையே முதலில் செய்வது என்று கொண்டனர்.

அவர்கள் ஆக்கிய சிற்றூர்த் தானியங்கி இணைப்பகம் 128 முனைகளை மட்டுமே கொண்டது. குளிர்பதனம் வேண்டுவதில்லை. நம் வெயிலையும் தூசையும் தாங்கும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும். ஓர் அட்டை பழுதானால் அதனைக் கழற்றி வேறோர் அட்டையைச் செருகினால் போதும். 1986 ஜூலையில் கருநாடகத்தில் கித்தூர் என்னும் ஊரில் முதல் இணைப்பகம் நிறுவப்பட்டது. வெள்ளையரை எதிர்த்த இராணி சென்னம்மாவின் கித்தூரேதான். பின்னர் அவ்வகை இணைப்பகங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பரவின.

எர்லாங் கணக்கு இங்கே வேறு முகம் காட்டுகிறது. ஊருக்குள்ளேயே இணைப்பகம் இருப்பதால், ஊருக்குள் பேசும் பேச்சு வெளியூர் வழியைத் தொடுவதே இல்லை. அரிய வழி வெளியூர்ப் பேச்சுக்கென மிஞ்சுகிறது. இடத்துக்கேற்ற கருவியை அவ்விடத்தை அறிந்தவரே ஆக்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

5. ஒரு தொலைபேசி, ஊரெல்லாம் பேச்சு

கருவி மட்டும் போதாது. அதைக் காக்கும் மனிதருக்கு அதில் பிழைப்பு இருத்தல் வேண்டும். இதை நான் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. என் அத்தை தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். ஒரு மேசை, ஒரு கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் காசு ஓடும் மீட்டர், இரசீது அச்சிடும் சிறு பொறி, இவ்வளவே கடை. இரவு 11 மணிக்குமேல் கட்டணம் கால்பங்காகக் குறையும் என்பதால், அந்நேரத்துக்குத்தான் கூட்டம் சேருமாம். பம்பாயில் வேலைபார்க்கும் மகனோடு பேச, பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்து திண்ணையில் காத்திருப்பார்களாம். எழுத்தறியாத பாட்டிக்கு எண்ணைச் சுழற்றித் தருவதும், வந்த செய்தியை வீடு தேடிச் சொல்வதும் அத்தையின் வேலை. லைன் போய்விட்டால் மறுநாளே மிதிவண்டியில் ஆள் அனுப்பி இணைப்பகத்தில் நச்சரிப்பாராம். "லைன் செத்தா என் அடுப்பும் செத்துச்சு" என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிவைக்கப்பட்ட கருவிக்காக அப்படி நச்சரிப்பார் யார்?

இந்த முறையின் சிறப்பு இதுதான். தொலைபேசி வாங்க வசதியில்லாதவரும் ஒரு பேச்சுக்கான காசைத் தரக்கூடும். நாடெங்கும் இப்பூத்துகள் பல இலட்சமாகப் பெருகின. உடல் ஊனமுற்றோர்க்கு முன்னுரிமையும் தரப்பட்டது.

வங்காள தேசத்தில் இதே கருத்து வேறு வடிவம் கொண்டது. 1997இல் தொடங்கிய கிராமீன்போன் திட்டத்தில், சிற்றூர்ப் பெண்கள் முகமது யூனுசு நிறுவிய கிராமீன் வங்கியில் கடன் பெற்று ஒரு கைப்பேசி வாங்கினர். பேச்சை நிமிடக் கணக்கில் அயலாருக்கு விற்றுக் கடனை அடைத்தனர். தொலைபேசிக்காரப் பெண் என்பது ஊரில் ஒரு மதிப்புமிக்க தொழிலாயிற்று. பின்னர்க் கைப்பேசி மலிந்து வீடுதோறும் வந்ததும் அத்தொழில் தேய்ந்தது; நம் எஸ்.டி.டி. பூத்துகளுக்கும் அதே கதி. அதனால் அவை தோற்றன என்று சொல்லலாகாது. வீட்டுக்கு வீடு வரும்வரை ஊரைத் தாங்கிய பாலம் அவை.

6. கம்பியில்லாக் கடைசிக் கல்

ஊர்வரை வழி வந்த பின்பும், இணைப்பகத்திலிருந்து வீடுவரை செல்லும் செப்புக் கம்பி பெருஞ்செலவு. அது திருட்டுப் போகும், மழையில் கெடும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலாவும் அவர் குழுவினரும் 1990களில் கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினர். ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரையும், இடையே அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரையும் அது எட்டும். பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் செல்லும். இணைப்பு ஒன்றுக்கு ஆகும் முதலீட்டைக் குறைத்தாலன்றி வாடகை குறையாது, வாடகை குறைந்தாலன்றி ஏழை நாட்டில் இணைப்பு பெருகாது என்பது அவர்கள் கண்ட நெறி. பின்னர்ச் செல்பேசி உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்று அதன் விலை சரிந்ததால், அம்முறை பின்தங்கியது. ஆனால் நெறி பொய்க்கவில்லை. அதே நெறியால்தான் செல்பேசி வென்றது.

7. பேசி என்ன பயன்?

சோற்றுக்கு வழியில்லாத ஊருக்குத் தொலைபேசி எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன்.

முதலாவது, வடகேரளக் கடற்கரை. 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் செல்பேசி படிப்படியாக வந்தது. அதற்கு முன், மத்தி மீன் பிடித்து வரும் படகு எந்தக் கரையில் என்ன விலை என்றறியாமல் தன் கரைக்கே திரும்பும். ஓரிடத்தில் வாங்குவாரின்றி மீனைக் கடலில் கொட்டுவர். சில கல் தொலைவில் மீனின்றி வியாபாரிகள் வெறுங்கையுடன் நிற்பர். செல்பேசி வந்ததும் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தனர். இதனை வாரந்தோறும் அளந்து 2007இல் வெளியிட்டார் இராபர்ட் சென்சன் என்னும் பொருளியலறிஞர். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் இலாபம் நூற்றுக்கு 8 கூடியது. வாங்குவோர்க்கு விலை நூற்றுக்கு 4 குறைந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருங்கே நன்மை என்பது பொருளியலில் அரிது.

இரண்டாவது, புதுச்சேரியின் நல்லவாடு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவருக்குத் தமிழில் சொல்வது அவற்றின் பணிகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று காலை சிங்கப்பூரிலிருந்து அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அதனை அறிவித்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகள் அழிந்தன, மக்கள் பிழைத்தனர். ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும் செய்த வேலை இது. நாள்தோறும் அலைச்செய்திக்காகப் பழகிய ஒலிபெருக்கி என்பதால்தான், ஆபத்து நாளில் அதன் சொல்லை ஊர் உடனே நம்பியது என்றே நான் கருதுகிறேன்.

8. செலவை ஏற்பவர் யார்?

சிற்றூருக்குச் செலவு மிகுதி என்று கணக்கால் கண்டோம். அம்மிகுதியை யார் ஏற்பது? சிலி நாடு 1990களின் நடுவில் ஒரு நல்ல வழி கண்டது. இன்ன ஊர்களுக்குப் பொதுத் தொலைபேசி வேண்டும் என்று அரசு பட்டியலிடும். குறைந்த மானியம் கேட்கும் கம்பெனிக்கே வேலை. ஏலத்தில் சில கம்பெனிகள் மானியமே வேண்டாம் என்றும் முன்வந்தன! இலாபமே இல்லை என்று அதுவரை ஒதுக்கப்பட்ட ஊர்கள் சிலவற்றில் உண்மையில் இலாபம் இருந்தது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் அனைவருக்கும் சேவை நிதி என ஒன்று ஏற்பட்டது. 2003இல் சட்டத் திருத்தத்தால் அதற்குச் சட்ட வலிமை வந்தது. தொலைபேசிக் கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு 5 அதற்கென விதிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அது இப்போது டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றுள்ளது. நகரத்தான் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் ஒரு சிறு காசு சிற்றூருக்குப் போகிறது என்பது இதன் பொருள்.

இது தருமமா? நண்பர்களே, நம் நிலையையே எண்ணிப் பாருங்கள். ஊரைவிட்டுப் பல நூறு கல் தள்ளி வந்து இங்கே பயில்கிறோம். ஞாயிறு மாலையில் வீட்டுக்குப் பேசும்போது, நம் கையில் உள்ள கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும், மறுமுனையில் அம்மாவின் ஊரில் கோபுரம் இயங்காவிட்டால் அது ஒரு கண்ணாடித் துண்டே. தொலைபேசிக்கு இரண்டு முனை. சிற்றூர் முனைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு நகர முனைக்காகவும் ஆகும் செலவே. ஆதலால் அதனை நகரமும் ஏற்பது தருமமன்று, நியாயமான பங்கு.

9. இனிச் செய்ய வேண்டுவன

ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழைவழி இணைப்புத் தரும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது, ஏறத்தாழ 2.5 இலட்சம் ஊராட்சிகள் இலக்கு. பாரத்நெட் என்று அதனை இன்று அழைக்கிறோம். செல்பேசி அலையே எட்டாத 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை தர 2022 ஜூலையில் வேறொரு திட்டமும் ஏற்கப்பட்டது. உலக அளவிலோ, 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இணையத்துக்கு வெளியே இருந்தோர் 260 கோடி; அவருள் 180 கோடிப் பேர் சிற்றூர்வாசிகள்.

இழை ஊராட்சி வாயிலை அடைந்ததும் வேலை முடிந்ததாகிவிடாது. மேற்கண்ட பாடங்களை நான்கு கேள்விகளாகத் தொகுக்கலாம். நெரிசல் மணியில் வழி போதுமா? வெயிலும் மின்வெட்டும் உள்ள இடத்துக்கேற்ற கருவியா? அதைக் காப்பவருக்கு அதில் பிழைப்பு உண்டா? ஊராருக்கு நாள்தோறும் பயன்படும் செய்தி, அவர்கள் மொழியில், அதில் வருகிறதா? நான்கில் ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும் அக்கருவி விரைவில் தூசு படியும்.

நம்மில் பொறியியல் பயில்வோர் முதல் மூன்று கேள்விகளுக்கு விடை தேடலாம். நான்காவது கேள்வி எல்லோருக்கும் உரியது. வேளாண்மை பயில்வோரும் மருத்துவம் பயில்வோரும் சட்டம் பயில்வோரும் தத்தம் துறைச் செய்தியை, பாட்டிக்கும் விளங்கும் தமிழில் எழுதவும் பேசவும் பழகலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இணைப்பு இருக்கிறதா, இயங்குகிறதா, யார் பயன்படுத்துகிறார் என்று கேட்டு வாருங்கள். வந்த விடைகளைச் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் வைத்துப் பேசுவோம். எண்களை நான் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.